எனது என்ற சொல்லும் ஒரு டாட் காமும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பண்டிகை வேலை முடிந்து உட்காரும்போது பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் 45 நிமிடம் என்னைச் சகித்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் பழைய மாணவன் ஒருவன்மேல் பழி சொன்னேன். அவனிடம் சொன்னதோடு நில்லாமல் வேறு இரண்டு பேரிடமும் சொன்னேன். சொன்ன சொல் இரண்டு பேரோடு நிற்குமா? சென்ற வாரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர், "ஐயா, உங்க வெப்சைட்டை அவன் சுருட்டிட்டானாமே" என்று என்னிடமே கேட்டார். அது பொய். அந்தப் பொய்க்குக் காரணம் நான். அவனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பழி பல காதுக்குப் போனபின் மன்னிப்பு மட்டும் ஒரு காதோடு நின்றால் நியாயமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் பெயரைப் போடவில்லை. "வேணாம்யா" என்று சொல்லிவிட்டான். 1999இல் பிளஸ் டூ முடித்தவன் என்பது போதும். அந்த செட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

நம் தளத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். டெல்டாப் பக்கம் தினமும் வாயில் புழங்கும் ஒரு சொல். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்தே எழுத்து. பின்னால் டாட் காம். ஏன் எழுதவில்லை என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஒரு வேலை கொடுப்பேன், நினைவிருக்கிறதா? அவரவர் ஊரில் பாட்டி, தாத்தா, நடவு நடுகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள் வாயில் இருக்கும் சொற்களில் இருபதை எழுதி வர வேண்டும். அகராதியைப் பார்த்து எழுதினால் அடி. மதகு, பத்தாயம், குதிர் என்று தெரிந்த சொற்களும் வரும். நானே கேள்விப்படாதவையும் வரும். ஒரே ஊரில் மேலத்தெருவுக்கு ஒரு சொல், கீழத்தெருவுக்கு ஒரு சொல். பத்து வருடத்தில் 40 நோட்டுகள் சேர்ந்துவிட்டன. எங்கள் வீட்டுப் பரணில் கட்டி வைத்திருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் அடியில் இருந்த நான்கு நோட்டைக் கரையான் தின்றிருந்தது. அப்போது இவன் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தவன் பார்த்துவிட்டு, "ஐயா, இதையெல்லாம் இன்டர்நெட்ல ஏத்திடுவோம். அங்க கரையான் வராது" என்றான்.

தமிழ் இணையத்துக்கு அது கைக்குழந்தைப் பருவம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்றுதான் தொடங்கியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்து, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு தரம் வேண்டும் என்று பேசியிருந்தார்கள். ஆனால் நடைமுறையில் ஆளுக்கொரு எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் வராது; கொம்பும் கோடும் வைத்த ஆங்கில எழுத்தாக வரிசைகட்டி நிற்கும். மன்னார்குடியில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து அடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றுப் பிழை பார்த்தேன்.

முதலில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் வைத்தான். அதன் முகவரி ரயில்வண்டி நீளம். கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் பாதியைத் தப்பாக எழுதிக்கொண்டு போனார்கள். "நமக்குன்னு ஒரு பேர் வாங்கிடலாம்யா. ஆயிரம் ரூபா ஆகும், ரெண்டு வருஷத்துக்கு" என்றான். அந்த "ரெண்டு வருஷத்துக்கு" என்பது என் காதில் விழவில்லை. அல்லது விழுந்தும் நிற்கவில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். சென்னையில் ஓர் ஏஜென்ட்டுக்கு டிடி எடுத்து அனுப்பினான். பத்து நாளில் பெயர் வந்துவிட்டது. அது 2001.

விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். எனக்கு அப்போது அப்படி ஒன்று கிடையாது. அவனுக்கு இருந்தது. அதனால் அவன் பெயரையும் அவன் முகவரியையும் போட்டு நிரப்பினான். என் கண் முன்னால்தான் நிரப்பினான். இதையும் நான் மறந்துவிட்டேன்.

பிறகு இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. யூனிகோடு வந்தபோது எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது நம் 2004 செட் பெண்கள். கிட்டத்தட்ட 35 பேருக்கு அந்தப் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தோம். முதல் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்த முகவரியைப் போட்டதாகச் சிலர் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் 2012இல் ஓய்வு பெற்றேன். தளம் அப்படியே இருந்தது. கிணறு மாதிரி, எப்போது எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் இருந்தது. யார் தூர் வாருகிறார்கள் என்று கிணற்றைப் பார்த்து யாராவது கேட்பார்களா?

சென்ற நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலம். இந்தப் பெயரை விற்க விருப்பமா, ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார், 2,500 டாலர் தருவார் என்று ஒரு தரகர். வாடிக்கையாளர் யார் என்று சொல்ல மாட்டார்களாம். மோசடி என்று நினைத்து விட்டுவிட்டேன். நான்கு நாளில் இன்னொன்று: 4,000. பிறகு 6,000. அன்றைய கணக்குக்கு ஐந்து லட்சம் ரூபாய்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஓய்வூதியம் வருகிறது, பிச்சை எடுக்கும் நிலை இல்லை. ஆனால் பேத்தி அடுத்த வருடம் கல்லூரி. மாடியில் ஓர் அறை போட வேண்டும் என்று என் துணைவியார் பத்து வருடமாகச் சொல்கிறார். ஆயிரம் ரூபாய் போட்ட இடத்தில் ஐந்து லட்சம் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

விருப்பம் உண்டு என்று பதில் போட்டேன். எந்த நிறுவனத்தில் பதிவு, கணக்கு யார் பெயரில் என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருமகனிடம் கேட்டேன். அவர் தட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் உரிமையாளர் விவரத்தை மறைத்துத்தான் காட்டுகிறார்களாம். பழைய பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இடத்தில் தேடி எடுத்துக் காட்டினார். "மாமா, இது உங்க பேர்லயே இல்லியே" என்றார். இவன் பெயர் இருந்தது.

மணி பதினொன்றுக்கு மேல். கோபத்தில் வாட்ஸ்அப்பில் எழுதினேன். எழுதியதை மறைக்காமல் போடுகிறேன்: "எனது மாணவன் எனது உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்வான் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்றைக்கு விற்பதாக இருந்தாய்?" அனுப்பிவிட்டு அந்த ஆத்திரத்திலேயே, விழித்திருந்த இரண்டு பழைய மாணவர்களுக்கும் போன் செய்து புலம்பினேன்.

காலை ஐந்தரைக்குப் பதில் வந்திருந்தது. "மன்னிக்கணும் ஐயா. முன்னாடியே மாத்திக் கொடுத்திருக்கணும். உங்க பேர்ல ஒரு அக்கவுன்ட் மட்டும் திறக்கச் சொல்லுங்க. இந்த வாரமே மாத்திடறேன்." அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்லை. ஒரு வருத்தம் இல்லை.

அதைப் படித்துவிட்டு, 'பார்த்தாயா, குற்றத்தை ஒப்புக்கொண்டான்' என்றுதான் நினைத்தேன். என் புத்தி அன்றைக்கு அப்படி வேலை செய்தது.

அந்த மாற்றும் வேலைக்கு மருமகன் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் பாடம் தொடங்கியது. 70 வயதில் எனக்கு மருமகன் வாத்தியார்.

"மாமா, டொமைனை யாரும் வாங்கறதில்ல. குத்தகைக்கு எடுக்கறதுதான். ஒரு வருஷத்துக்குக் கட்டலாம், அதிகமாப் போனா ஒரே தடவைல பத்து வருஷத்துக்குக் கட்டலாம். கட்டலைன்னா போயிடும்."

"எங்கே போகும்?"

"முதல்ல சில வாரம் தவணை. அதுக்குள்ள பழைய ரேட்லயே கட்டிக்கலாம். அப்புறம் ஒரு முப்பது நாள், அபராதம் கட்டி மீட்கலாம். அதுவும் போச்சுன்னா அஞ்சு நாள் யாரும் தொட முடியாது. அப்புறம் சந்தைக்கு வந்துடும். உங்க பேர் மாதிரி சின்னப் பேரா இருந்தா, கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. ஒரு நொடி கூடத் தங்காது."

நான் சொன்னேன்: "நான் ஆயிரம் ரூபாய் கட்டினேனே."

"அது 2003லயே தீர்ந்துபோச்சு மாமா. இது முதல்ல பதிஞ்ச தேதி 2001னு இன்னும் காட்டுது. ஒரு தடவை விட்டுப்போயிருந்தாலும் தேதி மாறியிருக்கும். அப்படின்னா நடுவுல ஒவ்வொரு வருஷமும் யாரோ கட்டியிருக்காங்க."

யாரோ.

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்க மருமகனைத் தொந்தரவு செய்து இந்தப் பெயர் விஷயத்தைப் பற்றிப் படித்தேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச் 15. அமெரிக்காவில் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம். அந்தக் காலத்தில் பெயருக்குக் காசே கிடையாது, கேட்டவருக்குக் கொடுத்தார்கள். 1995இல்தான் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. அதற்குள் விவரம் தெரிந்த சிலர் நல்ல பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பிசினஸ் டாட் காம் என்ற பெயர் 1997இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு விலைபோனபோதே ஊர் வாயைப் பிளந்தது. 1999இல் அதே பெயர் 75 லட்சம் டாலர். ஒரு சொல்லுக்கு! நாங்கள் வகுப்பில் சும்மா சொல்லிக்கொடுத்த பொருட்டே படுத்தாத சொற்கள்.

1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் டாட் காமைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். அந்தப் பெரிய நிறுவனத்துக்கு அப்போது இதன் அருமை தெரியவில்லை என்று கட்டுரையும் எழுதினார். பிறகு அவர்கள் கேட்டபோது தனக்குப் பணம் வாங்கவில்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் ஒரு பொதுப் பள்ளிக்குக் கணினி, இணைய வசதிக்காக 3,500 டாலர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பெயரைக் கொடுத்தார். வாத்தியாருக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

உஸி நிசான் என்பவர் கதை வேறு. அது அவருடைய குடும்பப் பெயர். அமெரிக்காவில் வட கரோலினாவில் கணினிக் கடை வைத்திருந்தவர், 1994இல் தன் பெயரிலேயே டாட் காம் பதிந்தார். 1999இல் நிசான் கார் நிறுவனம் ஒரு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. பெயர் அவரிடமே நின்றது. 2020இல் கொரோனாவில் இறக்கும்வரை அதை அவர் கொடுக்கவில்லை. அப்பன் வைத்த பெயர் என்று நின்ற மனிதர்.

கேரி கிரெமன் என்பவர் 1994இல் பதிந்த ஒரு பெயரை இங்கே எழுத எனக்குக் கூச்சம்; பெண் பிள்ளைகளும் படிப்பீர்கள். அதை 1995இல் ஒருவன் பொய்க் கடிதம் ஒன்றைப் பதிவு நிறுவனத்துக்கு அனுப்பித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். ஐந்து வருடம் போராடி நீதிமன்றத்தில் மீட்டார். ஆறரைக் கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. ஏமாற்றியவன் மெக்சிகோவுக்கு ஓடிவிட்டான். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: கையில் பிடிக்க முடியாவிட்டாலும் டொமைன் பெயர் ஒரு சொத்துதான். அதைத் திருடினால் திருட்டுதான்.

நம் நாட்டிலும் 2004இல் உச்ச நீதிமன்றம் சிஃபி என்ற சென்னை நிறுவனத்தின் வழக்கில், இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. அடுத்தவன் பிராண்டை வேண்டுமென்றே பதிந்துகொண்டு காசு பறிப்பவர்களிடமிருந்து பெயரை மீட்க 1999 முதல் உலக அளவில் ஒரு நடைமுறையும் இருக்கிறது. பெயர் தன் பிராண்டைப் போலவே இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். நம் பெயர் அகராதிச் சொல். அந்தப் பயம் நமக்கு இல்லை.

2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் பெயர் விவகாரம் செய்தியில் அடிபட்டது பார்த்திருப்பீர்கள். இரண்டு நிறுவனங்கள் சேரப்போகின்றன என்று ஊகித்துத் தில்லியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் முன்கூட்டியே பெயரைப் பதிந்து, அதற்கு ஈடாக வெளிநாட்டில் படிக்கச் செலவைக் கேட்டார். கிடைக்கவில்லை. பிறகு துபாயில் இருக்கும் அண்ணன் தங்கை இருவர், சின்னப் பிள்ளைகள், அதை வாங்கி, இலவசமாகவே கொடுக்கத் தயார் என்று அறிவித்தார்கள்.

இத்தனை கதையிலும் என்னை உட்கார வைத்துவிட்டது வேறொன்று. 1999 கிறிஸ்துமஸ் சமயம். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயருக்குக் கட்ட வேண்டிய 35 டாலரைக் கட்ட மறந்துவிட்டது. ஹாட்மெயிலில் நுழைய அந்தப் பெயர்தான் வாசல். ஆட்கள் உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற நிரலாளர், அந்த நிறுவனத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காரணத்தைக் கண்டுபிடித்துத் தன் கார்டில் 35 டாலரைக் கட்டிவிட்டார். வாசல் திறந்துவிட்டது. பிறகு அவர்கள் நன்றி சொல்லி 500 டாலர் காசோலை அனுப்பினார்கள்.

ஒரு தடவை கட்டியவருக்கு உலகப் பணக்கார நிறுவனம் நன்றிக் கடிதமும் காசோலையும் அனுப்பியது. இருபத்தோரு வருடம் கட்டியவனுக்கு அவனுடைய தமிழய்யா அனுப்பியது என்ன என்று உங்களுக்கு மேலே சொன்னேன்.

மறுநாள் போன் செய்தேன். இப்போது ஓசூரில் இருக்கிறான். "இத்தனை வருஷமா நீதான் கட்டினியா?" என்று கேட்டேன்.

"அது பெருசா ஒண்ணும் இல்லியா. வருஷத்துக்கு ஆயிரம் ரூபா கூட வராது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது தடவை உங்ககிட்ட கேக்க வந்தேன்யா. நீங்க அன்னிக்குப் பெரிய பொண்ணு கல்யாணப் பத்திரிகை வச்சுட்டு இருந்தீங்க. அப்புறம் கேக்கத் தோணல" என்றான்.

அவன் மனைவி போனை வாங்கிப் பேசியது. "ஐயா, இவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். 2009ல இவருக்கு வேலை போயிடுச்சு. நாலு மாசம் வீட்லதான் இருந்தார். அப்ப இந்தப் பேரு தேதி தாண்டிப்போயி அபராதத்தோட ஆறாயிரம் கேட்டாங்க. வீட்டு வாடகையை அந்த மாசம் நிறுத்திட்டு இதைக் கட்டினார். எனக்கு அப்ப ரொம்பக் கோபம். இப்ப இல்லை."

அதே 2009 அக்டோபரில்தான் ஜியோசிட்டீஸையும் மூடிவிட்டார்கள் என்று படித்தேன். பெயரும் போயிருந்தால், அந்த 40 நோட்டில் கரையான் தின்றது போக மீதியும் போயிருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அய்யய்யோ, விடுங்கய்யா" என்றான். விடவில்லை, இரண்டாவது தடவையும் கேட்டேன்.

பிறகு விற்கும் விஷயத்துக்கு வந்தேன். ஐந்து லட்சத்தில் பாதி உனக்கு, நியாயமாக முழுதுமே உனக்கு என்றேன். அவன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க இஷ்டம்யா. ஆனா ஒண்ணு மட்டும் யோசிங்க" என்று சொன்னதைத்தான் நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரை வாங்குகிறவருக்கு வெறும் பெயர் மட்டும் போவதில்லை. அந்தப் பெயரில் முடியும் எல்லா மின்னஞ்சல் முகவரிகளும் போகின்றன. நாளைக்கே அவர் நினைத்தால், நம் 35 பேருக்கு யார் கடிதம் போட்டாலும் அது அவர் பெட்டியில் விழும். அந்த முகவரியை வங்கியிலோ பிஎஃபிலோ வேறெங்கோ கொடுத்துவிட்டு மறந்தவர் இருந்தால், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சாவி அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். வாங்குபவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவருக்கு அடுத்து வாங்குபவர் யாரோ?

வீட்டை விற்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே குடியிருப்பவர்களின் தபாலையும் சேர்த்து விற்கப் பார்த்திருக்கிறேன்.

தரகருக்கு "விற்பனைக்கு இல்லை" என்று எழுதிவிட்டேன். பெரிய தியாகம் என்று யாரும் கருத்துப் பெட்டியில் எழுத வேண்டாம். அந்த ஐந்து லட்சம் இன்னும் கண்ணில்தான் நிற்கிறது. "வித்திருந்தா மாடியில ஒரு ரூமாவது போட்டிருக்கலாம்" என்று துணைவியார் நேற்றும் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பெயர் இப்போது என் கணக்குக்கு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிட்டேன், என் ஓய்வூதியத்தில். என் வயதுக்கு அது கொஞ்சம் பேராசைதான். வங்கிக் கணக்கு மாதிரி இதற்கு நாமினி போடும் ஏற்பாடு இல்லையாம். அதனால் கடவுச்சொல்லையும் விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, எனக்குப் பிறகு இந்தப் பெயர் இன்னாரிடம் போக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன். யாரிடம் என்பதை ஊகித்திருப்பீர்கள். அவன் செலவழித்ததைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. பள்ளி நூலகத்துக்கு அவன் மகள் பெயரில் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் தடுக்கவில்லை.

இப்போது உங்களுக்குச் சில வீட்டுப்பாடம்.

தளத்தின் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள், அதை வங்கிக்கும் அரசுக் கணக்குகளுக்கும் கொடுத்திருந்தால் தயவுசெய்து வேறு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். நான் விற்கவில்லை என்பதற்காக நிரந்தரம் என்று நினைக்காதீர்கள்.

கடை, கிளினிக், டியூஷன் சென்டர் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்கள், உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்த பையன் பெயரிலோ, வேலையை விட்டுப் போனவர் மின்னஞ்சலிலோ இருந்தால் சண்டை போடாமல் மாற்றிக்கொள்ளுங்கள். முடிவுத் தேதியை காலண்டரில் குறியுங்கள். மாற்றும்போது ஒரு ரகசியக் குறியீடு தருவார்கள். அதை வீட்டுச் சாவி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காக யாராவது சத்தமில்லாமல் எதையாவது கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். டொமைனுக்கு மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு இலக்கணம். தமிழய்யா பதிவில் இலக்கணம் இல்லாவிட்டால் எப்படி?

ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் உடைமை. அதில் இரண்டு வகை சொல்லிக்கொடுத்தேன். என்னை விட்டுப் பிரியாதது தற்கிழமை: எனது கை. என்னிடம் இருந்தும் வேறாக நிற்பது, கைமாறக்கூடியது பிறிதின்கிழமை: எனது வீடு. டாட் காம் இரண்டாம் வகை. அதுவும் பட்டா இல்லை, குத்தகை. ஐந்து லட்சம் என்றதும் அதைத் தற்கிழமை என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். 'அது' என்ற உருபு அஃறிணைக்கு உரியது. எனது பேனா, எனது புத்தகம் என்று எழுதலாம். எனது மகன், எனது மாணவன் என்று எழுதக் கூடாது. என் மகன், என் மாணவன் என்றே எழுத வேண்டும். மனிதர்கள் உடைமை இல்லை. இதைத் தப்பாக எழுதியவர்களுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். உங்களில் பலருக்கு இன்னும் அந்தக் கோபம் இருக்கும்.

அன்று இரவு நான் அனுப்பிய செய்தியை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் சொல்லே பிழை.

அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள். அவனைப் பற்றித் தப்பாகக் கேள்விப்பட்டவர்கள், இதை யாரிடம் கேட்டீர்களோ அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா